செவ்வாய் மண்ணுக்கு ஒரு பை

கோதண்டராமனுக்குப் பொறாமை வயிற்றுவலி மாதிரி. வந்துவிட்டால் சோறு இறங்காது. வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரியும், தெரிந்தும் தடுக்க முடியாது. கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த சக்கரபாணிக்குக் கேரளக் கடற்கரையில் ராக்கெட் விடும் நிலையத்தில் வேலை கிடைத்தது. அதே வேலைக்கு மனுப்போட்டு நேர்முகத் தேர்வுவரை போய்த் திரும்பிய கோதண்டராமன், சக்கரபாணியின் கல்யாணத்துக்குப் போகவில்லை. பத்திரிகை கைக்கு வந்த அன்றைக்கே, தனக்குக் காய்ச்சல், வர முடியாது என்று கார்டு எழுதிப் போட்டார். கல்யாணத்துக்கு இன்னும் இருபது நாள் இருந்தது.

அடி அண்ணாமலையில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிர்வைக்கும் குடும்பம் அவருடையது. அந்தக் குடும்பத்தில் முதன்முதலில் பி.எஸ்ஸி. படித்தவர் அவர்தான். திருவண்ணாமலை டவுனில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர் வேலை கிடைத்ததும் பேகோபுரத் தெருவில் வீடு பிடித்துக் குடிவந்தார். மனைவி கஸ்தூரி பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர். எட்டாவது முடித்துவிட்டுத் தையல் பயிற்சிச் சான்றிதழ் வாங்கியவள். இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிப்பாள், பேச வராது. குழந்தை இல்லை. அதைப் பற்றி இருவரும் ஒரு கட்டத்துக்குப் பிறகு பேசுவதை விட்டுவிட்டார்கள்.

1970 செப்டம்பரில் ரேடியோச் செய்தி ஒன்று கோதண்டராமனைப் பிடித்துக்கொண்டது. ரஷ்யாக்காரர்கள் அனுப்பிய ஒரு கலம், ஆளே இல்லாமல் நிலவுக்குப் போய், தரையில் துளைபோட்டு, நூறு கிராம் மண்ணை ஓர் உருண்டைக்குள் வைத்து மூடி, அந்த உருண்டையை மட்டும் பூமிக்குத் திருப்பி அனுப்பியிருந்தது. முந்தின வருஷம் மனிதன் நிலவில் நடந்ததைப் பற்றி ஊரே பேசியது. இதைப் பற்றி ஒரு டீக்கடையில்கூடப் பேச்சில்லை. அதனாலேயே இது தனக்குச் சொந்தமான செய்தி என்று அவருக்குத் தோன்றியது.

"போறதுக்கு நெருப்பு இருந்தா போதும்டா. திரும்பி வர்றதுக்குத்தான் மூளை வேணும்" என்று ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் சொல்ல ஆரம்பித்தார். உருண்டை காற்று மண்டலத்துக்குள் நுழையும்போது எவ்வளவு சுடும், பாராசூட் எந்த உயரத்தில் விரியும், விழுந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று போர்டு நிறையப் படம் போடுவார். பிள்ளைகள் அவருக்கு 'மண்ணு சார்' என்று பெயர் வைத்தார்கள். அவருக்குத் தெரியும். உள்ளுக்குள் பிடித்துத்தான் இருந்தது.

1976இல் அமெரிக்கர்களின் இரண்டு கலங்கள் செவ்வாயில் இறங்கின. அங்கேயே மண்ணை அள்ளி அங்கேயே சோதித்தன, திரும்பி வரவில்லை. செவ்வாய் மண்ணைப் பூமிக்குக் கொண்டுவர இன்னும் பல வருஷம் ஆகும் என்று பேப்பரில் போட்டிருந்தது. அடுத்த ஜனவரியில் வேலூரில் மாவட்ட அறிவியல் கண்காட்சி. ஆசிரியர்களுக்குத் தனிப்பிரிவு உண்டு. செவ்வாயிலிருந்து மண் கொண்டுவரும் கலத்தின் மாதிரியைச் செய்துவிடுவது என்று கோதண்டராமன் தீர்மானித்தார்.

இரண்டு அலுமினியக் கிண்ணங்களை வாயோடு வாய் சேர்த்து உருண்டை செய்தார். அதன்மேல் தக்கையைத் தகடு தகடாக ஒட்டினார். உள்ளே ஒரு மெழுகுவத்தித் துண்டை வைத்து மூடி, பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவரிடம் வாங்கிவந்த ஊதுவிளக்கால் சுட்டார். தக்கை கருகிச் செதில் செதிலாக உதிர்ந்தது. உள்ளேயிருந்த மெழுகு கொஞ்சமும் இளகவில்லை. கருகி உதிரும் தக்கை சூட்டையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது. அந்தச் சோதனை முழுக்க அவருடையது. இரண்டு நாள் அவர் நடையே வேறாக இருந்தது.

பாராசூட்டுக்குத்தான் கஸ்தூரியிடம் போக வேண்டியிருந்தது. அளவு சொன்னார், அவள் தைத்துக் கொடுத்தாள். பள்ளிக்கூட மொட்டைமாடியிலிருந்து போட்டுப் பார்த்தால் உருண்டை ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே வந்து சுவரில் மோதியது. கயிற்றின் நீளத்தை மாற்றினார், ஆடியது. எடையைக் கூட்டினார், இன்னும் ஜாஸ்தி ஆடியது. நான்காம் நாள் கஸ்தூரி வந்து பார்த்தாள்.

"நடு உச்சியில ஒரு ஓட்டை விடட்டுங்களா?" என்றாள்.

"ஓட்டை போட்டா காத்து நிக்காதே. அப்புறம் பாராசூட் எதுக்கு?"

"உள்ள போற காத்துக்கு வெளிய போக வழியில்ல. அதான் ஒருவாட்டி இந்தப் பக்கம், ஒருவாட்டி அந்தப் பக்கம் தள்ளிட்டு வழியுது. ஷாமியானா தைக்கிறவங்க அங்கங்க ஓட்டை விடுவாங்க, பாத்திருக்கீங்க இல்ல?"

உச்சியில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு வட்டமாக வெட்டி, பிசிறு வராமல் ஓரம் அடித்துக் கொடுத்தாள். உருண்டை நேராக, கொத்தனாரின் தூக்குக்குண்டுபோல இறங்கியது. மாடியில் நின்றிருந்த கணக்கு வாத்தியார் சகாதேவன், "டீச்சர், நீங்க எங்க ஸ்கூலுக்கே வந்துடுங்க" என்றார். கஸ்தூரி சிரித்தாள். கோதண்டராமனும் சிரித்தார். அன்றைக்கு மத்தியானம் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு வந்ததுதான் பெரிய விஷயம். செவ்வாய் மண்ணில் நமக்குத் தெரியாத கிருமி இருந்தால் என்ன ஆகும் என்று கண்காட்சியில் கேட்பார்கள், அதற்கு அவர் பதில் வைத்திருந்தார். டப்பாவுக்கு ரப்பர் வளையம் போட்டு இறுக்கி, மேலே அரக்கு வைத்து மூடுவது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைக் கஸ்தூரியிடம் ஒத்திகைபோலச் சொல்லிக் காட்டினார்.

அவள் கேட்டுவிட்டு, "டப்பாக்குள்ள இருக்கிற மண்ணு சரி. டப்பா மேல ஒட்டிட்டிருக்கிற மண்ணு?" என்றாள்.

"தொடச்சிடலாம்."

"யாரு தொடைப்பா? அங்கதான் ஆளே இல்லையே. அப்படியே தொடைச்சாலும் தொடச்ச துணி இருக்குமே, அதை என்ன பண்ணுவீங்க?"

டப்பாவை இன்னொரு டப்பாவுக்குள் போடலாம் என்றார். போடும்போது அந்த டப்பா மேலேயும் படும் என்றாள். அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கஸ்தூரி சமையல்கட்டு வாசலில் ஒரு பழைய சேலைத் துண்டைத் திரைமாதிரி இழுத்துக் கட்டியிருந்தாள். கையில் ஒரு சின்னப் பவுடர் டப்பா. அதன்மேல் குங்குமத்தை அப்பியிருந்தாள்.

"நான் நிக்கிற பக்கம் செவ்வா. நீங்க நிக்கிற பக்கம் பூமி. இந்தத் துணிதான் நடுவுல சுவரு" என்றாள் திரைக்குப் பின்னாலிருந்து. டப்பாவைத் துணியில் வைத்து அவர் பக்கம் அழுத்தினாள். துணி பைபோலப் புடைத்து அவர் பக்கம் வந்தது. "கழுத்தைப் பிடிச்சிக்குங்க." அவர் பிடித்துக்கொண்டார். அவள் கையைக் கழுவிவிட்டு, பின்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து, பையின் கழுத்தில் ஒரு வரிசைத் தையல் போட்டாள். அரை அங்குலம் தள்ளி இன்னொரு வரிசை. இரண்டுக்கும் நடுவில் கத்திரிக்கோலை விட்டு வெட்டினாள்.

பை தனியாக அவர் கையில் வந்துவிட்டது. உள்ளே டப்பா. திரையில் ஓட்டை விழவில்லை, திரைப் பக்கத்துத் தையல் அதை மூடியிருந்தது. பையின் வெளிப்பக்கம் எப்போதுமே பூமிப் பக்கமாக இருந்த துணி. செவ்வாய்ப் பக்கத்தை அது தொடவே இல்லை.

"தடவிப் பாருங்க."

தடவினார். விரலில் குங்குமம் இல்லை. அவர் மனம் ஒரு கணம் துள்ளத்தான் செய்தது. ஆனால் கஸ்தூரி திருப்தியில்லாமல் பையைப் புரட்டிக்கொண்டிருந்தாள். வெட்டிய விளிம்பில் நூல்போல ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது.

"இங்க பாருங்க. கழுத்துக்குள்ள ஒட்டினது வெட்டின இடத்துல வெளிய வருது" என்றாள்.

அதற்கும் அவளே வழி கண்டுபிடித்தாள். பள்ளியில் பெண்பிள்ளைகளின் நைலான் ரிப்பன் நுனி பிரிந்துபோகாமலிருக்க விளக்குச் சுடரில் காட்டிப் பொசுக்குவார்கள். நுனி உருகி ஒட்டிக்கொள்ளும். சாதாரணத் துணிக்குப் பதில் நைலான் சேலையைக் கட்டி, கத்திரிக்கோலுக்குப் பதில் அடுப்பில் பழுக்கக் காய்ச்சிய கத்தியால் இரண்டு தையலுக்கும் நடுவே இழுத்தாள். வெட்டிய இடம் இரண்டு பக்கமும் உருகி மூடிக்கொண்டது. சிவப்புக் கோடு இல்லை. இடதுகைக் கட்டைவிரலில் சூடு பட்டுக் கொப்புளம் வந்ததை அவள் பிறகுதான் கவனித்தாள்.

"அந்தச் சூட்டுல கிருமியும் செத்துடும்" என்றார் கோதண்டராமன்.

"ஆமா இல்ல? அது எனக்குத் தோணல பாருங்க" என்றாள் அவள் மகிழ்ச்சியோடு.

அந்த ஒரு வாக்கியத்தை அவர் பிடித்துக்கொண்டார். துணி, தையல், கத்தி எல்லாம் கைவேலை. கிருமி சாகும் என்பதுதான் விஞ்ஞானம். அதைச் சொன்னது தான். அப்படியென்றால் கண்டுபிடித்தது யார்? வேலூர் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இந்தக் கணக்கை அவர் திரும்பத் திரும்பப் போட்டார். கணியம்பாடி தாண்டுவதற்குள் கணக்கு சரியாகிவிட்டது.

முதல் பரிசு கிடைத்தது. சான்றிதழில் அவர் பெயர் மட்டும். அதில் தப்பில்லை, விண்ணப்பத்தில் அவர் பெயர்தானே இருந்தது. தப்பு அதற்குப் பிறகு நடந்தது. தமிழில் வந்துகொண்டிருந்த ஓர் அறிவியல் மாதப் பத்திரிகைக்கு நான்கு பக்கக் கட்டுரை எழுதினார். அச்சில் வந்தது. திரையும் குங்குமமும் இரட்டைத் தையலும் சூட்டுக் கத்தியும் எல்லாம் விவரமாக இருந்தன. கஸ்தூரி இல்லை.

அவள் கூடத்தில் உட்கார்ந்து முழுவதையும் படித்தாள். அவர் செருப்பு மாட்டுவதுபோல வாசலில் நேரம் கடத்திக்கொண்டிருந்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க. 'நான்'னு பதினோரு இடத்துல வருது" என்றாள்.

அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் அவருக்குப் பதில் தயாராக இருந்தது. அவள் எழுந்து போய்ப் பருப்பு வேகவைத்தாள்.

சகாதேவனுக்குச் செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு வீடு உண்டு. மாடி அறைகளை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவார். 1978 பிப்ரவரியில் அங்கே வால்டர் என்று அமெரிக்கர் ஒருவர் தங்கினார். அறுபது வயதிருக்கும். அணு உலைகளில் ஆபத்தான பொருள்களைக் கையாளும் பெட்டிகள் செய்யும் கம்பெனி ஒன்றில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். வேற்றுக் கிரக மண்ணைக் கொண்டுவரும் திட்டங்களுக்கு அவ்வப்போது யோசனை சொல்லப் போவார். சகாதேவன் பேச்சுவாக்கில் பையைப் பற்றிச் சொல்ல, அவர் உடனே பார்க்க வேண்டும் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் பேகோபுரத் தெருவுக்கு வந்தார்கள்.

கோதண்டராமன் பாராசூட்டையும் தக்கை ஒட்டிய உருண்டையையும் எடுத்து வைத்தார். வால்டர் மரியாதைக்குப் பார்த்தார். பையைக் கையில் வாங்கியதும் அவர் முகம் மாறியது. உருகிய விளிம்பை நகத்தால் நிமிண்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணருகே கொண்டுபோனார்.

"இதில் முதலில் எந்தத் தையல் போட்டீர்கள்? பைப் பக்கமா, சுவர்ப் பக்கமா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

கோதண்டராமனுக்குத் தெரியவில்லை. ஏதோ ஒன்றைச் சொன்னார். வால்டர் தலையை ஆட்டவில்லை. காபியோடு வந்த கஸ்தூரியின் இடதுகைக் கட்டைவிரலைப் பார்த்தார். ஒரு வருஷமாகியும் தழும்பு வெளுப்பாகத் தெரிந்தது. பையை அவளிடம் நீட்டி, இரண்டு தையல்களையும் மாறிமாறித் தொட்டு, ஒன்று, இரண்டு என்று விரல் காட்டிப் புருவத்தை உயர்த்தினார்.

கஸ்தூரிக்குக் கேள்வி புரிந்துவிட்டது. தட்டை வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கத் தையலைத் தொட்டு ஒரு விரல் காட்டினாள். பைப் பக்கத்தைத் தொட்டு இரண்டு. பிறகு கணவரிடம், "சுவரை முதல்ல மூடிடணும். பை கிழிஞ்சாலும் ஒரு பைதான் போவும், சுவரு கிழிஞ்சா எல்லாம் போச்சு, அதான்னு சொல்லுங்க" என்றாள்.

கோதண்டராமன் மொழிபெயர்த்தார். "சுவரை முதலில் மூடும்படி நான்தான் அவளிடம் சொன்னேனாம், அதைச் சொல்கிறாள்" என்றார்.

வால்டர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பேசினார். அணுக் கூடங்களில் பிளாஸ்டிக் பையை வைத்துக் கிட்டத்தட்ட இதே முறையில்தான் கழிவை வெளியே எடுக்கிறார்கள், அந்த முறைக்கு வந்து சேர எத்தனையோ பேர் எத்தனையோ வருஷம் உழைத்தார்கள், யாரும் சொல்லித்தராமல் ஒரு சமையலறை வாசலில் இந்தப் பெண்மணி தனியாக அங்கே வந்து சேர்ந்திருக்கிறார், வெட்டுவது மூடுவது சுடுவது மூன்றையும் ஒரே இழுப்பில் செய்யலாம் என்பதை உலோகத்திலும் செய்துபார்க்க வேண்டும் என்று தனக்குத் தோன்றுகிறது, தன் நாற்பது வருஷ வேலையில் இப்படிப்பட்ட கை நாலைந்து பேருக்குத்தான் இருந்தது என்றார். பேசி முடித்துவிட்டு, சொல்லுங்கள் என்பதுபோலக் கோதண்டராமனைப் பார்த்தார்.

அந்த வார்த்தைகள் ஒவ்வொன்றையும் கோதண்டராமன் சின்ன வயதிலிருந்து தனக்காகக் காத்து வைத்திருந்தார். அவை அவருடைய வீட்டுக் கூடத்திலேயே, அவரைத் தாண்டி, காபித் தட்டு ஏந்தி வந்தவள்மேல் போய் விழுந்தன.

"தையல் நல்லா இருக்குன்றாரு" என்றார்.

கஸ்தூரி வால்டரைப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். "இவ்ளோ நேரம் பேசினது இதுக்குத்தானா?" என்றாள்.

சகாதேவன் தொண்டையைக் கனைத்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியும். ஆனால் அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு அவர் என்ன சொல்வார்? காபியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

போகும்போது வால்டர் பையைத் தனக்குத் தர முடியுமா என்று கேட்டார். சட்டைப்பையிலிருந்து சிறு நோட்டை எடுத்து, சமையல்கட்டுப் பக்கம் கையைக் காட்டி, "பெயர்?" என்று கேட்டு நீட்டினார். கோதண்டராமன் பேனாவை வாங்கித் தன் பெயரையும் பள்ளி முகவரியையும் எழுதினார். வால்டர் அதைப் படித்தார், நோட்டை மூடினார், வேறெதுவும் கேட்கவில்லை.

அன்றோடு கஸ்தூரி அவருடைய மாதிரிகளுக்குத் துணி தைப்பதை நிறுத்திவிட்டாள். அடுத்த கண்காட்சிக்கு ஒரு பாராசூட் வேண்டும் என்று அவர் கேட்டபோது, "தெருக்கோடியில டெய்லர் இருக்காரே, குடுங்க" என்றாள். கோபமில்லாத குரல். மற்றபடி பேச்சுவார்த்தை, சமையல், உறவு வீட்டு விசேஷம், கார்த்திகைக்கு வரும் விருந்தாளிகள் எல்லாம் எப்போதும்போல நடந்தன. அவருக்கு அந்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் கண்காட்சியில் பரிசு இல்லை.

1981இல் பள்ளி முகவரிக்கு ஒரு பெரிய உறை வந்தது. உள்ளே வால்டர் ஏதோ கருத்தரங்கில் படித்த கட்டுரையின் அச்சுப் பிரதி. இருபது பக்கம் உலோக வளையங்களும், இரட்டைச் சுவர்களும், நடுவில் உருக்கி வெட்டும் வரைபடங்களும். கடைசிப் பத்தியில் நன்றி. அதைக் கோதண்டராமன் ஆசிரியர் அறையின் மூலையில் நின்று படித்தார். "இந்த யோசனையை எனக்குத் துணியில் செய்து காட்டியவர் தென்னிந்தியாவில் திருவண்ணாமலை என்ற கோயில் நகரத்துத் தையல் ஆசிரியை. அவர் பெயரை எனக்கு யாரும் சொல்லவில்லை."

அவர் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்தார். அவமானம் முதலில் வரவில்லை. பெயரே இல்லாமல்கூட அவள் அங்கே இருக்கிறாள், பெயரும் முகவரியும் எழுதிக்கொடுத்த தான் இல்லை என்ற எரிச்சல்தான் முதலில் வந்தது. அவமானம் வீட்டுக்குப் போகும் வழியில் தேரடித் தெருவில் வந்தது. உறையை டிரங்குப் பெட்டியில், தன் கல்லூரிச் சான்றிதழ்களுக்கு அடியில் வைத்துப் பூட்டினார். நான்கு வருஷம் அது அங்கே இருந்தது. பெட்டியைத் திறக்க வேண்டி வந்த போதெல்லாம் அந்தப் பக்கம் கை படாமல் எடுப்பார்.

1985இல் பள்ளிக்கு ஆண்டுவிழா மலர் போட்டார்கள். சகாதேவன்தான் பொறுப்பு.

"அமெரிக்காவுலருந்து அந்தாளு ஏதோ அனுப்பினாரே, உறையை ஆபீஸ்ல நானே பாத்தேன். அதைத் தமிழ்ல போட்டுக் குடுங்க. நம்ம ஸ்கூலுக்குப் பெருமை" என்றார். பிறகு குரலைத் தணித்து, "இந்தவாட்டி முழுசா மொழிபெயர்த்துடுங்க சார்" என்றார்.

ஏழு வருஷமாக இந்த மனிதர் தினமும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தெரிந்துகொண்டே, தன்னோடு டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். கோதண்டராமன் அன்று சாயங்காலம் பெட்டியைத் திறந்தார். தமிழில் எழுத ஆரம்பித்தார். கடைசிப் பத்திக்கு வந்ததும், 'ஓர் ஆசிரியர்' என்று போட்டுவிடலாமா என்று கை நின்றது. தமிழில் அதை ஆண் என்றும் எடுத்துக்கொள்வார்கள், பொய்யும் இல்லை. அப்படி ஒரு வரி எழுதிப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. அது அவ்வளவு சுலபமாக வந்ததுதான் அவரைப் பயமுறுத்தியது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, உள்ளது உள்ளபடி எழுதினார். கீழே தன் சார்பில் ஒரு வரி சேர்த்தார். "அந்த ஆசிரியையின் பெயர் கஸ்தூரி. கேட்டபோது சொல்லாதவன் நான்."

மலருக்குக் கொடுக்கும் முன் அவளிடம் கொடுத்தார். அவள் மெஷினை நிறுத்திவிட்டுப் படித்தாள். இரண்டுமுறை படித்தாள்.

"ஒரு எடத்துல 'தையலிட்டு'ன்னு மொட்டையா போட்டிருக்கீங்க. ரெண்டு தையல்னு போடணும், இல்லன்னா புரியாது" என்றாள்.

"போட்டுடறேன்."

"இது எப்ப வந்தது?"

"எண்பத்தொண்ணுல."

அவள் தாளை மடியில் வைத்துக்கொண்டாள். "அவரு ஊருக்குப் போறதுக்கு முன்னாடி எங்க ஸ்கூல் வாசலுக்கு வந்தாரு. உங்களுக்குத் தெரியாது. என்னைப் பாத்துக் கும்பிட்டாரு. நேம், நேம்னு கேட்டாரு. எட்டாவது படிச்சவளுக்கு நேம்னா தெரியாதா? நான்தான் சொல்லல."

"ஏன்?"

"உங்க வாயால வரட்டும்னு இருந்தேன். ஒரு மாசத்துல வரும், ரெண்டு மாசத்துல வரும்னு பாத்தேன்." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "ஏழு வருஷங்க. எனக்கு அந்தப் பேரு இல்லாதது பெரிசில்ல. வீட்டுல ஒருத்தர் என்னைப் பாத்து வயிறெரிஞ்சிட்டே சோறு துன்றாருன்னு தெரிஞ்சிக்கிட்டு, தினமும் அவருக்குச் சோறு போட்டேன் பாருங்க, அதுதான் கஷ்டமா இருந்துது."

கோதண்டராமன் அவள் மடியிலிருந்த தாளை எடுத்து, 'தையலிட்டு' என்பதற்கு முன்னால் 'இரண்டு' என்று எழுதினார்.

மலர் வந்தது. ஊரில் சிலர் சிரித்தார்கள், சிலர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பெண்கள் பள்ளியில் கஸ்தூரியை மேடையில் ஏற்றிப் பையைச் செய்துகாட்டச் சொன்னார்கள். அவள் பேசியபோது கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த கோதண்டராமன் எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினார். வயிறு அப்போதும் முறுக்கத்தான் செய்தது. உண்மையைச் சொன்னால் நோய் போய்விடும் என்று நினைத்திருந்தார், போகவில்லை. ஆனால் அன்றைக்குச் சாப்பிட்டார்.

அவள் சொல்ல, அவர் வால்டருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. கீழே அவளே இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டாள். ஐந்து மாதம் கழித்து, 1986 கோடையில், திருமதி கஸ்தூரி என்று பெயர் போட்டுப் பதில் வந்தது. அவர் கையை நீட்டினார். அவள் உறையைக் கொடுக்கவில்லை.

"ரேணுகாம்பாள் டீச்சர் கிட்ட படிக்கக் குடுக்கறேன்" என்றாள். ரேணுகாம்பாள் கஸ்தூரியின் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர்.

"நான் படிச்சுச் சொல்ல மாட்டேனா?"

"சொல்லுவீங்க. இருந்தாலும் அவங்க கிட்ட குடுக்கறேன்."

அன்று பகல் முழுவதும் கோதண்டராமன் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தார். தன் வீட்டுக்கு வந்த கடிதத்தை முன்பின் பழகாத ஒரு ரேணுகாம்பாள் படித்துக்கொண்டிருக்கிறாள் என்பது பொறுக்க முடியாததாக இருந்தது. தான் பொறாமைப்படுவது இப்போது இங்கிலீஷ் டீச்சர்மேல் என்று உணர்ந்தபோது அவருக்கே சிரிப்பு வந்தது.

கஸ்தூரி மாலை திரும்பி வந்து கை கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். வால்டருக்கு உடம்பு முடியவில்லை. செவ்வாய் மண்ணை எடுத்துவர இன்னும் யாரும் போகவில்லை, அவர் காலத்தில் போவதாகவும் தெரியவில்லை. உருக்கி வெட்டும் முறையை உலோகத்தில் செய்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவளிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். அங்கே இருக்கும் குளிரில் மெல்லிய பை மடிப்பில் விறைத்து வெடித்துவிடுகிறது. துணியை எப்படி மடித்தால் மடிப்பு உடையாது?

"செவ்வாயில எவ்ளோ குளிருங்க?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி தனக்கு வந்திருக்கக் கூடாதா என்று அவருக்கு ஒரு நொடி தோன்றியது. தோன்றட்டும் என்று விட்டுவிட்டு, "பூஜ்யத்துக்குக் கீழ அறுபது டிகிரி. ராத்திரியில இன்னும் கீழ" என்றார்.

"நம்ம ஊர்ல அவ்ளோ குளிரை எங்க போய்த் தேடறது?"

"அவ்ளோ வராது. ஐஸ்ல உப்பைக் கலந்தா பூஜ்யத்துக்குக் கீழ இருபதுக்குக் கிட்ட போவும். மொதல்ல அதுல பாக்கலாம்."

மறுநாள் காலை அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஐஸ் ஃபேக்டரிக்குப் போனார். ஒரு பாளத்தை மரத்தூளில் போட்டு, சாக்கில் சுற்றி, கேரியரில் கட்டினார். வெயில் ஏறிவிட்டது. சாக்கு சொட்டச் சொட்ட அவர் சந்தைக் கூட்டத்துக்கு நடுவே மணியடித்துக்கொண்டு மிதித்தார். வீட்டில் கஸ்தூரி ஆறு விதமாக மடித்த நைலான் துண்டுகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் நம்பர் எழுதி, கல்லுப்பை இடித்துக்கொண்டிருந்தாள்.

"சீக்கிரம் உள்ள எடுத்துட்டு வாங்க, பாதி கரைஞ்சிடுச்சி" என்றாள்.